அம்மாவின் அப்பா பெயர் என்ன?

ஜோதிகாவின் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினொரு வார்த்தைகள்தான் செலவாகும். அவளே ஒருநாள் எண்ணிப் பார்த்தாள்.

"எந்திரி."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"ஆட்டோ வந்திருச்சு."

"பாத்துப் போ."

சாயங்காலம் மிச்சம் நாலு. "வந்துட்டியா?" "வந்துட்டேன்." "கதவச் சாத்து." அவ்வளவுதான்.

மேகம் கூடினால் மட்டும், "பருத்தி நனைஞ்சிரும்" என்று இரண்டு வார்த்தைகள் கூடும். ஆனால் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மேகம் அப்படி ஒன்றும் அடிக்கடி கூடுவதில்லை.

அம்மா இருந்தபோது யாராலும் எண்ண முடியாது. அம்மா அடுப்போடு பேசுவாள். கோழியோடு பேசுவாள். கொடியில் காயாத துணியைப் பிடித்து உலுக்கி, "உனக்கு என்ன அவ்வளவு கொழுப்பு?" என்று கேட்பாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது.

அப்பா நாகராஜ் யார் முன்னாலும் அழவில்லை. விடிந்தால் பருத்திக் காட்டுக்குப் போவார். இருட்டும் முன் வருவார். சோறு வைப்பார், ரசம் வைப்பார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

ஒருமுறை சாப்பிடும்போது, "அம்மா வைக்கிற ரசம் மாதிரியே இருக்குப்பா" என்று ஜோதிகா சொல்லிவிட்டாள். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து, காட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அன்று முதல் அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அப்பாவின் தட்டில் சோறு மிஞ்சுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சொட்டாங்கல் ஆடுவாள். இரண்டு பேர் ஆடும் ஆட்டம். அவள் ஒருத்தியே இரண்டு பக்கமும் ஆடுவாள். யார் ஜெயித்தாலும் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருக்காது.

மாசி மாதம் வந்தது. சிவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பெங்களூரிலிருந்து அழகுராஜா சித்தப்பா மடிக்கணினியோடு வந்து இறங்கினார். அவர் அண்ணன் தனுஷ்கோடி பெரியப்பாவின் வீடு மூன்று வீடு தள்ளி இருந்தது. சனிக்கிழமை காலை அங்கே ஒரே கூச்சல். ஜோதிகா எட்டிப் பார்த்தாள்.

பெரியப்பாவின் மகன் ஹரி வாசலிலேயே அவளை மறித்தான். ஹரியும் அவளும் ஐந்தாம் வகுப்பு.

"ஏ ஜோதி! நான் இனிமே எங்கப்பாவுக்குத் தம்பி. தெரியுமா?"

"என்னடா உளறுற?"

"உள்ள வந்து பாரு. கம்ப்யூட்டரே சொல்லுது." அவன் உள்ளே திரும்பி, தைரியமாகக் குரல் கொடுத்தான். "ஏலே தனுஷ்கோடி! காப்பி குடிச்சிட்டியா?"

உள்ளேயிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. ஹரி குனிந்து தப்பித்தான். பழக்கம்தான்.

சித்தப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில், அவர் இறக்கி வைத்த ஒரு செயலியில், கட்டம் கட்டமாகப் பெயர்கள். கட்டங்களுக்கு நடுவில் கோடுகள்.

"குடும்ப மரம்டா தாயி" என்றார் அவளிடம். "நம்ம பங்காளிக நாலு தலைமுறையும் இதுல இருக்காக. பெரிய பேனரா அடிச்சு, சிவராத்திரிக்கு நம்ம குலசாமி கோயில்ல கட்டணும்னு ஆசைப்பட்டேன். இது என்னடான்னா இப்படிக் குளறுபடி பண்ணுது."

பங்காளிகள் என்றால் ஒரே தாத்தா வழியில் வந்த அண்ணன் தம்பி வீடுகள். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையில் அவர்களுக்கு ஒரு கோயில் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் அங்கே கூடுவார்கள்.

ஜோதிகா திரையைப் பார்த்தாள். தனுஷ்கோடி, அழகுராஜா, ஹரி மூவரும் ஒரே வரிசையில் அண்ணன் தம்பிகளாக நின்றார்கள். சந்தனம்மாள் பெரியம்மா, தன் கணவர் தனுஷ்கோடிக்குக் கீழே மகளாகத் தொங்கினாள்.

பெரியம்மா அரிவாள்மணையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இருபது வருஷம் உங்க அண்ணனுக்குச் சோறு பொங்கிப் போட்டதுக்கு, என்னைய அவருக்கு மகளாக்கிட்டீகளே கொழுந்தனாரே. நல்லாயிருப்பீக."

"மதினி, நான் ஆக்கல. இந்த ஆப்பு ஆக்குது!"

"சித்தப்பா, எங்க வீடு எங்க இருக்கு?" என்று ஜோதிகா கேட்டாள்.

சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு திரையை நகர்த்தினார்.

அங்கே அப்பாவின் அப்பா சோலைத் தாத்தாவின் பெயருக்குக் கீழே நாகராஜ், ஜோதிகா என்று இரண்டு கட்டங்கள் அண்ணன் தங்கையாக நின்றன. நாகராஜுக்குப் பக்கத்தில் மனைவிக்கான கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்குள் பெயர் இல்லை. "தெரியவில்லை" என்று எழுதியிருந்தது.

ஜோதிகா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா பேரு தெரியுமே சித்தப்பா. உங்களுக்கும் தெரியுமே."

"தெரியும் தாயி." சித்தப்பா குரலைத் தணித்தார். "வாட்ஸப்புல எல்லாரும் அவுகவுக வீட்டுப் பேர அனுப்புனாக. உங்கப்பா அனுப்பல. நானா அம்மா பேரப் போட்டு, அத அவரு பாத்து மனசு சங்கடப்பட்டா? கேக்கவும் தைரியம் வரல. நான் காலியா விட்டதும் ஆப்பு தானா 'தெரியவில்லை'ன்னு போட்டுக்கிருச்சு."

"அப்படியேவா பேனர்ல வரும்?"

"சேச்சே. காலிக் கட்டம் இருந்தா அசிங்கமா இருக்கும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாளையம்பட்டி பேனர் கடைக்கு அனுப்பணும். அதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்த எடுத்துருவேன்."

எடுத்துவிடுவார். அப்புறம் அம்மா இருந்த இடமே இருக்காது.

"எடுக்காதீக சித்தப்பா. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் சரி பண்ணித் தாரேன்."

"நீயா? எனக்கே பிடிபடல."

ஜோதிகா அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு இடங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. முதலில் பெயர். அடுத்தது குடும்பப் பெயர்.

"குடும்பப் பேருன்னா என்ன?"

"வெளிநாட்டுல அப்பா, அம்மா, பிள்ளை எல்லாருக்கும் பின்னால ஒரே பேரு வரும். நமக்கு ஏது? அந்த இடத்த விட்டுட்டா அடுத்த பக்கத்துக்கே போக விடமாட்டேங்குது. அதனால ஆம்பளைகளுக்கு அவுக அப்பா பேரப் போட்டேன். கல்யாணமான பொம்பளைகளுக்குப் புருஷன் பேரு. ரேசன் கார்டுல அப்படித்தான இருக்கு?"

"பிள்ளைகளுக்கு?"

"நான் ஒண்ணும் போடல. அதுவே அப்பாவோட குடும்பப் பேர எடுத்துப் போட்டுக்கிருச்சு."

ஜோதிகா ஹரியின் கட்டத்தைத் தொட்டாள். 'ஹரி தங்கபாண்டி' என்று இருந்தது. தங்கபாண்டி ஹரியின் தாத்தா பெயர். பெரியப்பாவும் 'தனுஷ்கோடி தங்கபாண்டி'. சித்தப்பாவும் 'அழகுராஜா தங்கபாண்டி'.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"சித்தப்பா, மூணு பேருக்கும் பின்னால தங்கபாண்டி. அதனால மூணு பேரும் தங்கபாண்டி தாத்தா பிள்ளைகன்னு நினைச்சுக்கிருச்சு. 'சகோதரர்களா?'ன்னு கேட்டுருக்குமே?"

"நூறு தடவ கேட்டுச்சு. அவசரத்துல எல்லாத்துக்கும் 'ஆம்' அமுக்கிட்டேன்."

"பெரியம்மாவுக்குப் பின்னால தனுஷ்கோடின்னு போட்டீக. அதனால பெரியம்மா, பெரியப்பாவுக்கு மக."

சித்தப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அவர்.

"எல்லாருக்கும் அவுகவுக அப்பா பேர மட்டும் போட்டா போதும்" என்றாள் ஜோதிகா. "ஹரிக்கு தனுஷ்கோடி. பெரியம்மாவுக்கு, பெரியம்மாவோட அப்பா பேரு."

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையை நிமிர்த்தினார். "அது எப்புடி? நம்ம கோயில் பேனர்ல என் மாமனார் பேரு எதுக்கு? கட்டிக்கிட்டு வந்தா புருஷன் பேருதான்."

"சரிங்க பெரியப்பா. அப்ப பெரியம்மா உங்க மகளாவே இருக்கட்டும்."

"ஆமா" என்றான் ஹரி. "எனக்கு அண்ணன் மக. ஏ சந்தனம், சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டா!"

இரண்டாவது செருப்பும் பறந்தது. ஆனால் பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. என்னமும் போட்டுத் தொலைங்க."

"பெரியம்மா, உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டாள் ஜோதிகா.

பெரியம்மா வெங்காயத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கய்யா பேரா? அதையெல்லாம் யாரும்மா கேக்குறா இப்ப." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வெள்ளைச்சாமி" என்றாள் பிறகு. சொன்னதும் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "வெ. சந்தனம்மாள். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்பிடுவாக."

சித்தப்பா திருத்தினார். கோடுகள் தாமாகவே நகர்ந்தன. பெரியம்மா பெரியப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஹரி அவர்களுக்குக் கீழே இறங்கினான்.

"போச்சு" என்றான் ஹரி. "மறுபடியும் மகனாயிட்டேன்."

ஊரில் இன்னும் எட்டுப் பங்காளி வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்களுக்கும் அப்பா பெயர் வேண்டும். ஜோதிகா பாதி எழுதிய ஒரு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். நாலு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டாள். உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர், பிள்ளைகள் பெயர், கடைசியாக, 'இருக்கிறாரா?' உயிரோடு இருக்கிறாரா என்று அந்தச் செயலி ஒவ்வொருவருக்கும் கேட்டது.

வழக்கமாக அந்த வீடுகளுக்குள் போகவே அவளுக்குப் பிடிக்காது. அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். யாராவது தலையைத் தடவுவார்கள். "பாவம், தாயில்லாப் பிள்ளை" என்று மெல்லச் சொல்வார்கள். அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நோட்டோடு போனபோது அப்படி நடக்கவில்லை. கேள்வி கேட்டால் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

ரேணுகாதேவி சித்தி தையல் மிஷினை நிறுத்தினாள். "என் இனிஷியல் மு. அப்பா பேரு முத்திருளாண்டி. கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் ஆதார்ல மாத்துனாக. அன்னைக்குக் கொஞ்சம் அழுதேன். யாருகிட்டயும் சொல்லிராத."

ராக்கம்மாள் மதினி, புருஷன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டாள். நாள்காட்டியில் முருகன் படத்தைக் காட்டி, "இவரு பேருதான்" என்றாள். ஆனால் தன் அப்பா பெயரை மட்டும் கேட்காமலே மூன்று தடவை சொன்னாள்.

நாலாவது கேள்விக்கு எல்லா வீட்டிலும் சிரிப்புத்தான்.

"உங்க வீட்டுக்காரரு இருக்காரா?"

"இருக்காரே. கட்டில்ல கால நீட்டிக்கிட்டு இருக்காரு. இருக்காரான்னு கொஞ்சம் தட்டித்தான் பாக்கணும்."

எல்லா வீட்டிலும் கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். "எங்கம்மாவோட அப்பா பேரு தெரியுமா?"

தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. "உங்கம்மா ஊரு பேர வச்சு, குமாரலிங்கபுரத்து மாமான்னு சொல்லுவோம். பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார்கள். மரியாதைக்கு உரிய பெரிய மனிதரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அம்மாவும் "எங்கய்யா, எங்கய்யா" என்றுதான் சொல்வாள். அந்த அய்யா ஜோதிகா பிறக்கும் முன்பே இறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூரில் இருக்கும் தாய்மாமனுக்கு அப்பா வீட்டிலேயே விட்டுப்போன போனிலிருந்து பேசிப் பார்த்தாள். அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்து, சித்தப்பா அனுப்பிய இணைப்பைத் திறந்து, சாம்பல் கட்டத்தில் 'காளீஸ்வரி' என்று எழுதினாள். குடும்பப் பெயரைக் காலியாக விட்டாள். சிவப்பு எழுத்து வந்தது. 'நாகராஜ்' என்று எழுதிப் பார்த்தாள். செயலி உடனே கேட்டது. 'இவர் நாகராஜின் மகளா?'

"மக இல்ல" என்று ஜோதிகா போனிடம் சொன்னாள். "அம்மா."

போனுக்கு அது புரியவில்லை.

ஹரி வாசலில் வந்து நின்றான். "என்ன புள்ள, இன்னும் முடியலையா? நான் வேணா ஒரு பேரு சொல்றேன். சும்மா ஏதாச்சும் போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்கம்மாவுக்குத் தெரியும்ல."

ஹரி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "உங்கப்பாவக் கேளேன்" என்றான் மெல்ல.

அப்பாவைக் கேட்கலாம். அப்பாவுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் அப்பா எழுந்து போய்விட்டால்?

மூன்று மணிக்கு அப்பா காட்டிலிருந்து வந்து, திண்ணையில் இருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வேப்பமரத்தடியில் பருத்தி மூட்டைகளைச் சாய்த்து வைத்து, கோணி ஊசியால் அவற்றின் வாயைத் தைக்க ஆரம்பித்தார். ஊசி சாக்கில் நுழையும்போது கரகர என்று சத்தம் வந்தது. வேறு சத்தம் இல்லை.

ஜோதிகா வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூடவே இருந்தும் அப்பா தனியாக இருந்தார். தன்னைப் போலவே.

அவள் எட்டு வீடுகளையும் நினைத்துப் பார்த்தாள். ஜோதிகா என்று போயிருந்தால் அவர்கள் பேசியிருக்க மாட்டார்கள். நோட்டோடு போனதால் பேசினார்கள். நம் வீட்டுக்கு மட்டும் நோட்டோடு யாருமே வரவில்லையே?

அவள் பின் வாசல் வழியாக வெளியே போனாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் வந்தாள். பேனாவைக் காதில் செருகினாள். வேலிப் படலை மூன்று முறை தட்டினாள்.

"சார்!"

அப்பா நிமிர்ந்தார்.

"சார், நான் பங்காளிக சார்பா வந்திருக்கேன். குடும்ப மரம் எடுக்கிறோம். உங்க வீடு மட்டும்தான் பாக்கி. நாலே நாலு கேள்விதான் சார்."

அப்பா அவளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காதில் இருந்த பேனாவைப் பார்த்தார். இப்போது எழுந்து போய்விடுவார் என்று ஜோதிகா நினைத்தாள்.

அப்பா பக்கத்தில் இருந்த மூட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தார். துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காருங்க" என்றார்.

ஜோதிகா மூட்டை மேல் உட்கார்ந்து நோட்டை விரித்தாள்.

"உங்க பேரு?"

"நாகராஜ்."

"அப்பா பேரு?"

"சோலை."

ஊசி கரகர என்று ஓடியது. ஜோதிகா எழுதினாள். அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மா பேரு சார்?"

ஊசி நின்றது. ஒரு கோழி வந்து, சிதறிக் கிடந்த பருத்திக் கொட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

"காளீஸ்வரி" என்றார் அப்பா.

அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது போல. மறுபடி சொன்னார். "காளீஸ்வரி."

"அவுக அப்பா பேரு?"

"பால்சாமி."

ஜோதிகா வேகமாக எழுதினாள்.

"பா, ல், சா, மி" என்று அவள் எழுத்துக் கூட்டுவதைப் பார்த்த அப்பா, தாமாகவே பேசினார். "குமாரலிங்கபுரத்துல பால்சாமின்னா பெரிய ஆளுங்க. சந்தையில ஆடு வாங்கணும்னா அவரக் கூட்டிக்கிட்டுத்தான் போவாக. ஆட்டத் தொட்டுப் பாக்கமாட்டாரு. தூரத்துல நின்னே சொல்லிருவாரு, இது தேறும், இது தேறாதுன்னு."

"அப்படியா சார்?"

"அவரு ஆடு பாப்பாரு. வெல பேசுறது காளீஸ்வரி. எட்டு வயசுல. எதுத்தாப்புல நிக்கிற வியாபாரி காதப் பொத்திக்கிட்டு, 'யப்பா சாமி, சொன்ன வெலைக்கே கொண்டு போங்க, இந்தப் பிள்ளைய முதல்ல கூட்டிக்கிட்டுப் போங்க'ன்னுருவானாம்."

ஜோதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அப்படித்தான். அப்பாவின் உதடும் ஒரு பக்கம் லேசாக விரிந்தது.

"எழுதிட்டீகளா?"

"அதெல்லாம் எழுத இடமில்ல சார். பேரு மட்டும்தான். பிள்ளைக எத்தன?"

"ஒண்ணு."

"பேரு?"

"ஜோதிகா."

"பிள்ளை பேருக்குப் பின்னால என்ன போட? சில பேரு அப்பா பேரப் போடுறாக. இப்ப அம்மா பேரும் சேத்துப் போடலாமாம்."

அப்பா சாக்கில் இன்னொரு தையல் இழுத்தார். "அது பிள்ளையோட பேரு. பிள்ளையக் கேட்டுல்ல போடணும்?"

கணக்கெடுக்க வந்தவள் பேனாவை இறக்கினாள். "நான்... நான் சொல்லலாமா?"

"நீதான பிள்ளை?"

"ரெண்டு பேரும் வேணும்ப்பா."

"போடு."

"கட்டத்துக்குள்ள இடம் பத்தாட்டி?"

"பெரிய பேனரா அடிக்கச் சொல்லு. உங்க சித்தப்பன் பெங்களூருல சும்மாவா சம்பாதிக்கிறான்?"

ஜோதிகா எழுதி முடித்து நோட்டை மூடினாள். "முடிஞ்சது சார்."

"நோட்டுல நாலாவதா ஒண்ணு எழுதியிருக்கே. அதக் கேக்காம மூடிட்டீகளே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாலாவது வேணாம் சார்."

"எல்லா வீட்டுலயும் கேட்டீகளா?"

"ம்."

"அப்ப இங்கயும் கேளுங்க."

அவள் குரல் மிகச் சின்னதாக வந்தது. "காளீஸ்வரி... இருக்காகளா சார்?"

அப்பா கையிலிருந்த ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். தெருவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

"இல்ல" என்றார்.

ஒன்றரை வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத சொல் அது. சொன்ன பிறகு அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே இருந்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறையும் துடைக்க வேண்டியிருந்தது.

"இல்ல. எழுதிக்கோ தாயி."

ஜோதிகா எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அப்பா மூட்டையைச் சுற்றி நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

இருவருமாகத் திரையைப் பார்த்தார்கள். சாம்பல் கட்டத்தில் ஜோதிகா பெயரை எழுதினாள். குடும்பப் பெயரில் பால்சாமி என்று எழுதினாள். தன் கட்டத்தில் அதை 'காளீஸ்வரி நாகராஜ்' என்று மாற்றினாள். 'இருக்கிறாரா?' என்ற இடத்தில் அவள் விரல் நின்றபோது, அப்பாவே தன் விரலால் 'இல்லை'யை அழுத்தினார்.

சிவப்பு எழுத்து வரவில்லை. கட்டம் வெள்ளையானது. கோடு ஒன்று நீண்டு வந்து நாகராஜையும் காளீஸ்வரியையும் சேர்த்தது. அங்கிருந்து இன்னொரு கோடு கீழே இறங்கி ஜோதிகாவைத் தொட்டது.

மூன்று வீடு தள்ளி யாரோ கத்தும் சத்தம் கேட்டது. ஹரிதான். சித்தப்பாவின் மடிக்கணினி முன் மத்தியானத்திலிருந்து காவல் இருக்கிறான் போல.

"வந்திருச்சு! ஏ ஜோதி, வந்திருச்சு புள்ள!"

"எழுதுனத வாசிச்சுக் காட்டு" என்றார் அப்பா.

ஜோதிகா நோட்டைத் திறந்தாள்.

"சோலை மகன் நாகராஜ். பால்சாமி மகள் காளீஸ்வரி. இவர்கள் மகள் ஜோதிகா காளீஸ்வரி நாகராஜ்."

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ வாசி."

அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இந்த முறை சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி.